502இல் 178 போக மீதி 476

என் வகுப்புப் பையன் ஒருவன் போட்ட கணக்கு. தப்புதான். ஆனால் அந்த 476ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள். எட்டில் இரண்டு போனால் ஆறு. ஏழில் பூஜ்ஜியம் போனால் ஏழு. ஐந்தில் ஒன்று போனால் நாலு. மூன்று கழித்தலும் சரி! பையனுக்குக் கழிக்கத் தெரிகிறது. மேலே இருப்பதிலிருந்துதான் கீழே இருப்பதைக் கழிக்க வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை. எது பெரிசோ அதிலிருந்து சின்னதைக் கழித்துக்கொண்டே போயிருக்கிறான். சிவப்புப் பேனாவில் ஒரு பெருக்கல் குறி போட்டு நோட்டை நகர்த்திவிட்டால் இது அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

நான் கடலூருக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமத்து நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். இருபத்தோரு வருஷம் ஆகிறது. வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கிய பிள்ளைகளை எப்படிக் கைதூக்கிவிடுவது என்று, என்னைப் போன்ற டீச்சர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏழாம் வகுப்பில் இந்த வருஷம் பதினான்கு பேர். டவுன் பள்ளிகளில் ஐம்பது பேரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும் தோழிகள், “பதினாலு பேர்தானே, உனக்கென்னடி கவலை” என்பார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஐம்பது பேரில் வாசிக்கத் தெரியாத பிள்ளை கூட்டத்தோடு வாயசைத்துத் தப்பித்துவிடும். பதினான்கு பேரில் ஒளிய இடமே இல்லை. யாருக்கு என்ன வராது என்பது முதல் பெஞ்சிலிருந்து கடைசிப் பெஞ்சு வரை எல்லாருக்கும் தெரியும். அதனால் சின்ன வகுப்பில் முதலில் சமாளிக்க வேண்டியது பிள்ளையின் வெட்கம். கழித்தல் அப்புறம்தான்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம், ஆறாம் வகுப்பில் ஒரு பெண்ணை எழுப்பி, கணக்குக் கேள்வியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். “ஒரு” என்று ஆரம்பித்தாள், அடுத்த சொல்லில் நின்றுவிட்டாள். நான் விடாமல், “வாசி, வாசி” என்றேன். யாரோ சிரித்தார்கள். மறுநாளிலிருந்து ஒன்பது நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டால் வயிற்றுவலி என்றார்கள். எனக்குத் தெரியும் அது என்ன வலியென்று. அன்றிலிருந்து முன்கூட்டிச் சொல்லாமல் எந்தப் பிள்ளையையும் எழுப்பி வாசிக்கச் சொன்னதில்லை.

முதல் வாரம்: தனித்தனியாக, எட்டு நிமிஷம்

ஜூனில் பள்ளி திறந்த கையோடு பாடத்தை ஆரம்பிக்காதீர்கள். ஒரு வாரம் போகட்டும். மற்றப் பிள்ளைகளுக்குப் படம் வரையவோ வடிவங்கள் வெட்டவோ ஏதாவது வேலை கொடுத்துவிட்டு, ஒவ்வொருவராக வராண்டாவுக்குக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளையிலிருந்து ஆரம்பியுங்கள். வராத பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டால் விஷயம் ஐந்து நிமிஷத்தில் ஊருக்கே தெரிந்துவிடும்.

கையில் ஒரு தாள் போதும். மேலே சில எழுத்துகள், அதன் கீழே சொற்கள், அப்புறம் நாலு வரிப் பத்தி, கடைசியில் ஒரு சின்னக் கதை. பின்பக்கம் ஓர் இலக்க எண்கள், ஈரிலக்க எண்கள், கடன் வாங்கும் கழித்தல் இரண்டு, வகுத்தல் ஒன்று. இது என் கண்டுபிடிப்பில்லை. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்க 2005இலிருந்து நடத்தும் ‘அசர்’ கணக்கெடுப்பில் ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்து ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளையை இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்கச் சொல்வதா என்று யோசிக்காதீர்கள். எந்தப் படியில் கால் நிற்கிறது என்பதைத்தான் பார்க்கிறோம்.

கணக்கைப் போட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: “எப்படிப் போட்டே, சொல்லு?” தப்பாகப் போட்டவனிடம் மட்டும் கேட்டால் உடனே அழித்துவிடுவான். சரியாகப் போட்டவனிடமும் கேளுங்கள். எட்டு நிமிஷத்தில் நாலு நிமிஷம் இந்தக் கேள்விக்கே போகும், போகட்டும்.

குறிப்பு எழுதும்போது ‘வீக்’, ‘மெல்லக் கற்போர்’ என்று எழுதாதீர்கள். பதிவேட்டில் அந்தச் சொல் இருந்துவிட்டுப் போகட்டும். நம்முடைய சொந்த நோட்டில் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ‘வீக்’ என்று எழுதினால் நாளைக் காலையில் என்ன சொல்லித்தருவீர்கள்? நான் இப்படி எழுதுவேன்: “கால், புள்ளி சரி. கொம்பு வந்தால் நிற்கிறாள். கூட்டல் மனசிலேயே போடுகிறாள். பூஜ்ஜியத்தில் கழிக்கத் தெரியவில்லை.” இதைப் படித்தால் நாளைக்கு எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது தெரிகிறது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தமிழ்நாட்டில் ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. 2020–21இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் இருந்த பிள்ளைகள் 2025–26இல் ஆறாம் வகுப்பு. எழுத்துக் கூட்டும் வயசில் அவர்கள் வகுப்பறையையே பார்க்கவில்லை. “ஆறாவது வந்தும் எழுத்துத் தெரியலயே” என்று அலுத்துக்கொள்ளும் முன் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம்.

அண்ணாச்சி கடை

502க்குத் திரும்புவோம். அந்தப் பையனுக்கு நான் கொடுத்தது ஐந்து நூறு ரூபாய், இரண்டு ஒற்றை ரூபாய். எல்லாம் அட்டையில் வெட்டியது. “எனக்கு 178 ரூபா குடு” என்றேன்.

கையைப் பார்த்தான். “சில்லறை இல்லயே டீச்சர்.”

“அப்ப என்ன பண்ணுவே?”

“அண்ணாச்சி கடையில மாத்திட்டு வருவேன்.”

சரி என்று இன்னொரு பெண்ணைச் சில்லறைப் பெட்டியோடு அண்ணாச்சியாக உட்காரவைத்தேன். ஒரு நூறைக் கொடுத்து பத்துப் பத்து ரூபாய்த் தாளாக வாங்கிக்கொண்டு வந்தான். பிறகும் எட்டு ரூபாய்க்குச் சில்லறை போதவில்லை. மறுபடி போய் ஒரு பத்து ரூபாயை மாற்றிக்கொண்டு வந்தான். இப்போது கையில் நாலு நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒற்றை. எனக்கு 178 எண்ணிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணினான். 324.

“இதைத்தான்டா கடன் வாங்குறதுன்னு சொல்றோம்” என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “கடன் எங்க டீச்சர் வாங்கினேன்? என் காசத்தானே மாத்தினேன்?”

இருபது வருஷமாக ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று சொல்லிக்கொடுத்துவந்தவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கடன் வாங்கினால் திருப்பித் தர வேண்டும். அந்த ‘கடன்’ எங்கே திரும்பிப் போகிறது என்று எத்தனை பிள்ளைகள் குழம்பியிருக்கும்! இப்போது என் வகுப்பில் அதற்குப் பெயர் ‘சில்லறை மாத்துறது’. தேர்வில் ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று வந்தால் புரியட்டும் என்பதற்காக அந்தச் சொல்லையும் ஒருமுறை சொல்லிவைப்பேன். அவ்வளவுதான்.

அட்டைக் காசை எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்று கேட்பார்கள். கையால் மாற்றும்போதே ஒவ்வொரு அசைவையும் சிலேட்டில் எழுத வேண்டும்: நூறை மாற்றினால் 5ஐ அடித்து 4, பத்தில் 10, அதில் ஒன்றை மாற்றினால் 9. கையும் எழுத்தும் கூடவே போகட்டும். மூணு நாலு நாளில் பிள்ளையே காசை எடுக்காமல் எழுத ஆரம்பிக்கும். அப்போதும் பெட்டியை ஒளித்துவைக்காதீர்கள். தடுமாறினால் எடுத்துக்கொள்ளட்டும். சிலேட்டு என்று நான் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. நோட்டில் தப்பு தப்பாகவே கிடக்கும், அம்மாவும் பார்ப்பாள், பக்கத்துப் பையனும் பார்ப்பான். சிலேட்டில் கை வைத்துத் துடைத்தால் போயிற்று. பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் சிலேட்டை எடுக்க முதல் இரண்டு நாள் கூச்சப்படும். அதனால் பதினான்கு பேருக்கும் சிலேட்டு கொடுத்துவிட்டேன்.

வாய்ப்பாட்டில் மிச்சம் பத்து

வாய்ப்பாடு முழுதும் தெரியாது என்று வருகிற பிள்ளையிடம் பதினாறாம் வாய்ப்பாடு வரை நூறு முறை எழுதச் சொல்வது வீண். ஐந்து வரைக்கும், அப்புறம் பத்தாம் வாய்ப்பாடும் தெரிந்தால், திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்பதும் புரிந்தால், பத்தாம் வாய்ப்பாடு வரைக்கும் மிச்சம் எவ்வளவு தெரியுமா? ஆறாறு, ஆறேழு, ஆறெட்டு, ஆறொன்பது, ஏழேழு, ஏழெட்டு, ஏழொன்பது, எட்டெட்டு, எட்டொன்பது, ஒன்பதொன்பது. பத்தே பத்து. பிள்ளையிடம், “உனக்கு வாய்ப்பாடே தெரியல” என்பதற்கும் “உனக்கு இன்னும் பத்துதான் பாக்கி” என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! பத்தையும் சின்ன அட்டைகளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். தெரிந்துவிட்ட அட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் கடைசியில் கையில் நிற்பது ஏழெட்டு ஐம்பத்தாறு.

பின்னம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாதி தெரிந்த விஷயம், அவர்களுக்குத்தான் அது தெரியாது. அம்மா மீன் கூறு போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அரையில் பாதி கால், காலில் பாதி அரைக்கால் என்று பாட்டி வாயில் கேட்டவர்கள். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று என்று கரும்பலகையில் எழுதினால், “அட, இதுவா?” என்பார்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைக்கு விதியைச் சொல்வதற்கு முன் இப்படிக் கேளுங்கள்: “அரைக் கிலோ நெத்திலி வாங்கினே. கடைக்காரம்மா மேல இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டாங்க. தராசுல நானூறு கிராம் காட்டுமா?” சிரித்துவிடுவார்கள். விடை தப்பு என்பதை அவர்களே கண்டுபிடித்த பிறகு, பொதுப் பகுதி எதற்கு என்று சொன்னால் காதில் ஏறும்.

கெடு, கேடு, கொடு, கோடு

கணக்கு டீச்சர் ஏன் வாசிக்கச் சொல்லித்தர வேண்டும் என்று என்னையே கேட்டிருக்கிறார்கள். கேள்வியை வாசிக்க முடியாத பிள்ளை கணக்கை எப்படிப் போடும்?

ஏழாம் வகுப்பில் தட்டுத்தடுமாறும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் தெரியும். இடறுகிற இடம் உயிர்மெய்க் குறிகள், அதிலும் கொம்பு. காரணம் சுலபம்: கொம்பை எழுதுவது எழுத்துக்கு முன்னால், அதன் ஒலி வருவதோ பின்னால். ‘கொ’வில் இரண்டு பக்கமும் குறி. பிள்ளை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே வரும், முன்னால் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும், பின்னால் இருக்கும் காலை விட்டுவிடும். ‘கொடு’ அங்கே ‘கெடு’ ஆகிவிடும்.

நான் செய்வது இது. நடுவில் ‘க’ அட்டை. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால் மூன்றும் தனித்தனி அட்டை. பக்கத்தில் ‘டு’. பிள்ளையே நகர்த்தி வைத்துப் பார்க்க வேண்டும். ஒற்றைக் கொம்பு வைத்தால் கெடு, இரட்டைக் கொம்பு வைத்தால் கேடு, ஒற்றைக் கொம்போடு கால் சேர்த்தால் கொடு, இரட்டைக் கொம்போடு கால் சேர்த்தால் கோடு. நாலும் அர்த்தமுள்ள சொற்கள் என்பதால் தப்பாக வாசித்தால் காதுக்கே தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு குடும்பம் போதும். அடுத்த நாள் ‘ப’, அதற்கடுத்த நாள் ‘த’. 247 எழுத்தையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதே இல்லை.

எதை வாசிக்கக் கொடுப்பது? ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். மீசை அரும்பப்போகிற பையன் அணிலையும் ஆட்டையும் வாசிக்க மாட்டான், வாசித்தாலும் மனசு ஒடிந்துவிடும். எழுத்து சுலபமாகவும் விஷயம் வயசுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒன்று கடையில் கிடைக்காது, நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். நான் பிள்ளையைப் பேசச் சொல்லி, அவன் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுவேன்: “நேத்து எங்க சித்தப்பா வலையில பெரிய திருக்கை மாட்டிச்சு. நாலு பேர் சேந்து தூக்கினாங்க.” அவன் பேசியதையே அவன் வாசிக்கிறான். சொல் என்ன என்பது அவனுக்கு முன்பே தெரியும், அதனால் கண் எழுத்தின்மேல் நிற்கும். ‘மாட்டிச்சு’ என்பதை அன்றைக்கே ‘மாட்டியது’ என்று திருத்தாதீர்கள். அது இரண்டு வாரம் கழித்துச் செய்கிற வேலை.

பஸ் போர்டும் நல்ல பாடப்புத்தகம். மஞ்சக்குப்பம், தேவனாம்பட்டினம், நெல்லிக்குப்பம் என்று போய்க் கடைசியில் திருப்பாதிரிப்புலியூருக்கு வருவோம். பதினோரு எழுத்து. திரு, பாதிரி, புலியூர் என்று பிரித்துக் கையைத் தட்டி வாசித்து, பிறகு ஒரே மூச்சில் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! கூடவே பாதிரி மரத்தைப் பற்றியும், கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரையேறியதாகச் சொல்லப்படும் கரையேறவிட்டகுப்பத்தைப் பற்றியும் நாலு வரி எழுதி வைத்திருக்கிறேன். ஊர்ப்பெயர் தெரிந்தது என்பதால் அதை யாரும் ‘சின்னப் பிள்ளைப் பாடம்’ என்று சொல்வதில்லை.

ஆங்கிலம் என் பாடம் இல்லை, அதனால் ஒன்றுமட்டும் சொல்கிறேன். தமிழில் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்கு ஆங்கிலப் பத்தியை மனப்பாடம் செய்யவைத்தால், அது வாசிப்பதாக நீங்களும் நம்பிவிடுவீர்கள், அதுவும் நம்பிவிடும்.

நாற்பது நிமிஷத்தை எப்படிப் பிரிப்பது

முதல் பதினைந்து நிமிஷம் எல்லாருக்கும் ஏழாம் வகுப்புப் பாடம். அடுத்த இருபது நிமிஷம் குழுக்கள். கடைசி ஐந்து நிமிஷம் மறுபடி எல்லாரும் ஒன்றாக. வராத பிள்ளைகளைத் தனியே கூட்டிக்கொண்டு போய்க் கழித்தல் மட்டுமே நடத்திக்கொண்டிருந்தால் அவர்கள் வகுப்புப் பாடத்திலும் பின்தங்குவார்கள், ஒரு பள்ளத்தை மூட இன்னொரு பள்ளம் தோண்டிய கதை.

ஆனால் அந்தப் பதினைந்து நிமிஷத்தில் அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. அதற்கு ஒரு தந்திரம். முதல் நாள் சாயங்காலம் மணியடித்த பிறகு, பையை மாட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் மெதுவாகச் சொல்வேன்: “நாளைக்கு நேர் விகிதம். அஞ்சு கிலோ நானூறு ரூபான்னா ஒரு கிலோ எவ்ளோன்னு உன்னத்தான் கேப்பேன்.” மறுநாள் கேட்பேன், எண்பது என்று வரும். அதை வைத்து எட்டுக் கிலோ 640 என்று வகுப்பே மேலே போகும். யாருக்கும் எங்கள் ஒப்பந்தம் தெரியாது. எழுந்து நின்று சரியாகச் சொன்ன பிள்ளை அன்று முழுதும் நிமிர்ந்து உட்காரும்.

குழுவுக்கு முதல் மாணவியைத் தலைவியாகப் போடாதீர்கள். மற்றப் பிள்ளைகளுக்கு ஏன் புரியவில்லை என்பதே அவளுக்குப் புரியாது, விடையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். போன மாதம் அதே இடத்தில் தடுக்கி விழுந்து எழுந்த பிள்ளைதான் நல்ல வாத்தியார். 476 போட்ட பையன்தான் இன்று ஆறாம் வகுப்புக்கு அண்ணாச்சி கடை நடத்துகிறான். குழுக்களை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கலைத்துவிடுங்கள். கழித்தலில் பின்தங்கியவன் வடிவியலில் முன்னால் இருப்பான். ஒரே குழு வருஷம் முழுக்க நீடித்தால் அதற்குப் பிள்ளைகளே ஒரு பெயர் வைத்துவிடுவார்கள், அந்தப் பெயர் நல்ல பெயராக இருக்காது.

வராத நாட்கள்

எங்கள் பக்கம் பாதிப் பிரச்சினை பாடத்தில் இல்லை, வருகையில் இருக்கிறது. மாசி மகம், ஊர்த் திருவிழா, முந்திரிக் காலம் என்று பிள்ளைகள் நாலு நாள் காணாமல் போகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலோடு தென்பெண்ணை வெள்ளமும் வந்தபோது சிலருக்கு நோட்டு, புத்தகம் எல்லாமே தண்ணீரில் போய்விட்டன. திரும்பி வந்த அன்று, “இத்தனை நாள் எங்கே போனே?” என்று ஆரம்பிக்காதீர்கள். விடுபட்டதில் மிக முக்கியமான ஒன்றை மட்டும் ஒரு அரைத்தாளில் எழுதி வைத்திருந்து கையில் கொடுங்கள். மிச்சம் போனால் போகட்டும்.

பெற்றோரைப் பார்க்க எனக்குப் பிடித்த நேரம் ஜூன் முதல் இரண்டு வாரம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும், அப்பாக்கள் வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். அந்த வலைப்பக்கம் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். புகார் வேண்டாம். பிள்ளைக்கு வருகிற ஒன்றை முதலில் சொல்லிவிட்டு ஒரே ஒரு வேலை கேளுங்கள்: ராத்திரி பத்து நிமிஷம் பிள்ளை வாசிப்பதைக் கேட்க வேண்டும். “எனக்குப் படிக்கத் தெரியாதே டீச்சரம்மா” என்பார்கள். படிக்க வேண்டாம், கேட்டால் போதும், கதை புரிகிறதா என்று மட்டும் சொன்னால் போதும் என்பேன்.

இரண்டு மாதம் இவ்வளவும் செய்து துளியும் நகராத பிள்ளை இருந்தால் முதலில் கண்ணைப் பாருங்கள். கடைசிப் பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு மாற்றியதும் பலகையைப் பார்த்து எழுதுவதில் தப்பு குறைந்தால் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. அப்புறம் காது. இரண்டும் சரி, வாயால் கேட்டால் எல்லாம் பளிச்சென்று சொல்கிறாள், எழுத்தைப் பார்த்தால்தான் தவிக்கிறாள் என்றால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பு ஆசிரியரிடம் பேசுங்கள். நாமாகப் பெயர் சூட்டிவிட வேண்டாம்.

ஏப்ரலில் ஒரு வேலை பாக்கி இருக்கும். ஜூனில் எழுதிய அந்த நோட்டை எடுத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக நாலு வரி எழுதி எட்டாம் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துவிடுவேன். போன வருஷம் ஒரு பெண்ணுக்கு எழுதியது: “கொம்பு, கால் எல்லாம் சரி. நீளமான சொல்லைப் பிரித்துக் கொடுத்தால் வாசிப்பாள். கழித்தல் தானாகவே போடுகிறாள், ‘சில்லறை மாத்துறது’ என்று சொன்னால்தான் புரியும். வகுத்தல் ஓர் இலக்கம் வரை. வாய்ப்பாட்டில் ஏழெட்டு மட்டும் இன்னும் கையில் இருக்கிறது, அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும்.”